கையால் குதிமுள் செய்வது: ஒரே துண்டிலா, வெல்டிங்கிலா?

உளிமுனை:

எல்லாருக்கும் வணக்கம். கத்தி, கொக்கி, தாழ்ப்பாள் என்று சின்னச் சின்ன இரும்பு வேலைகள் செய்து பழகியவன் நான். தொழில் வேறு, இது சும்மா ஆசைக்கு. என் தங்கை குதிரையேற்றம் கற்கிறாள். "உனக்குத்தான் இரும்பு வேலை தெரியுமே, எனக்கு ஒரு ஜோடி ஸ்பர் செஞ்சு குடேன்" என்று கேட்டுவிட்டாள். ஸ்பர் என்றால் குதிமுள், குதிரை ஓட்டுகிறவர் பூட்ஸின் குதிகாலில் மாட்டிக்கொள்வது. சரி என்று சொல்லிவிட்டுப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கிறது.

பெஞ்ச் வைஸ், ஆங்கிள் கிரைண்டர், சின்ன டிரில் பிரஸ், கேஸ் உலை, ஸ்டிக் வெல்டிங் மெஷின், ஒரு பெட்டி நிறைய அரங்கள். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. லேத், மில்லிங் எதுவும் இல்லை.

குதிகாலைச் சுற்றி வரும் பட்டையையும் பின்னால் நீளும் தண்டையும் ஒரே இரும்பிலிருந்து அடித்து எடுப்பதா, தனித்தனியாகச் செய்து ஒட்டுவதா? எந்த இரும்பு நல்லது? அப்புறம், கடைசியில் சுழலும் அந்த முள்சக்கரத்தை இவ்வளவு சமமாக எப்படி வெட்டுகிறார்கள்?

பழைய_சம்மட்டி:

வாங்க தம்பி. கத்தி செய்கிறவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்து முதலில் கேட்பது "எந்த இரும்பு" என்பதுதான். இங்கே அது பெரிய விஷயமே இல்லை. குதிமுள்ளுக்கு விளிம்பு கிடையாது, கூர் நிற்க வேண்டியதில்லை. சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஃப்ளாட், அதாவது பட்டை இரும்பு போதும். கார்பன் குறைவு என்பதால் வளையும், அறுபடும், துளை போடும், வெல்டிங் வாங்கும். யாராவது மிதித்துவிட்டால்கூட உடையாது, கோணும், திருப்பி நிமிர்த்திக்கொள்ளலாம்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்கிறவர்களும் உண்டு. தட்டினால் கணீரென்று சத்தம் வரும், அந்த ஆசைக்காகத்தான். ஆனால் 5160 மாதிரி ஸ்பிரிங் ஸ்டீலில் 0.6 சதவீதம் கார்பன், கூடவே குரோமியம். சிவக்கக் காய்ச்சித் தெரியாமல் தண்ணீரில் போட்டீர்கள் என்றால் கண்ணாடிதான். அதைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டு, அதன் பிறகே அரம் வைக்க வேண்டும். முதல் ஜோடிக்கு வேண்டாம்.

ஒரே துண்டா, ரெண்டு துண்டா என்பதை அப்புறம் எழுதுகிறேன், கை நிறைய வேலை இருக்கிறது. அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். தங்கையின் பூட்ஸை வாங்கி, குதிமுள் உட்காரும் இடத்தில் வெளி அகலத்தை வெர்னியரில் அளந்து போடுங்கள். பெண்கள் பூட்ஸுக்குக் குதிமுள்ளின் உள் அகலம் பெரும்பாலும் 70 முதல் 76 மி.மீ., ஆண்களுக்கு 80 வாக்கில் வரும். ஆனால் பூட்ஸுக்குப் பூட்ஸ் மாறும்.

ஓரமாநின்னவன்:

ஒரு சந்தேகம். குதிரையைக் குத்துகிற சாமானைப் பொழுதுபோக்காகச் செய்ய வேண்டுமா? செய்ய வேறு ஆயிரம் பொருள் இருக்கிறதே.

லகான்பிடி:

நான் பல வருடமாகக் குதிரை ஓட்டுகிறவள், பழக்குகிறவளும்கூட. அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

குத்துவதற்குத்தான் என்று நினைத்தால் உங்கள் கேள்வி நியாயம். குதிரையின் தோல் ஒரு ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கும். அவ்வளவு நுட்பமான தோலுக்கு அடி தேவையில்லை. நன்றாக ஓட்டுகிறவர்களின் குதிமுள் பாதி நேரம் குதிரையைத் தொடவே தொடாது. காலால் சொன்னது புரியாதபோது, இந்த இடத்திலிருந்து விலகு என்று ஒரு புள்ளியைக் காட்டுவதற்குத்தான் அது. வேகமாக ஓடவைக்கும் விசை என்று சினிமா பார்த்து நினைக்கிறோம்.

ஆனால் உளிமுனை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தங்கை *கற்கிறாள்* என்கிறீர்கள். குதிரை டிராட்டில் (துள்ளுநடையில்) போகும்போது அவள் கால் ஆடாமல் நிற்கிறதா? ஆடுகிற காலில் குதிமுள் மாட்டினால் ஒவ்வொரு அடிக்கும் குதிரைக்கு ஒரு இடி விழும். எதற்கு இடிக்கிறார்கள் என்று அதற்குப் புரியாது. ஒன்று மரத்துப்போகும், இல்லையென்றால் துள்ளும். கற்றுக்கொடுக்கிறவர் "இப்போது மாட்டிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவரை அது சுவரில் தொங்கட்டும்.

இன்னொன்று, எந்தச் சேணம்? இங்கிலீஷ் முறையா, வெஸ்டர்னா (அமெரிக்கக் கௌபாய் முறை)? இரண்டுக்கும் பொருளே வேறு. இங்கிலீஷ் என்றால் மெல்லிய பட்டை, சின்ன மொண்ணைத் தண்டு, சக்கரம் பெரும்பாலும் இருக்காது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் தட்டையான குட்டைத் தண்டு மட்டும்தான். நீங்கள் படத்தில் பார்த்த சக்கரமெல்லாம் வெஸ்டர்ன்.

உளிமுனை:

அக்கா, கேட்டுவிட்டேன். வெஸ்டர்ன் சேணம்தான். கால் இன்னும் ஆடுகிறதாம், அவளே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். பயிற்சியாளர் இன்னும் சில மாதம் ஆகட்டும் என்றாராம். நல்லதுதான், நான் செய்து முடிக்கவும் அவ்வளவு நாள் ஆகும்.

பூட்ஸ் அளவு 72 மி.மீ.

டிக்வெல்டர்:

ஒரே துண்டு என்பதெல்லாம் பழம்பெருமை. 5 மி.மீ. ஃப்ளாட்டை வளை, தண்டைத் தனியாக வெட்டு, விளிம்பைச் சாய்த்து வெல்டிங் வை, கிரைண்டரில் தேய், முடிந்தது. சரியாக ஊடுருவிய வெல்டிங் அந்த எம்.எஸ்-ஐ விடப் பலம். ஸ்டிக் மெஷினிலேயே 2.5 மி.மீ. ராடு போட்டு அருமையாக வரும். டிக் (TIG) வெல்டிங் மெஷின் இருந்தால் தேய்க்கிற வேலை குறையும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய பைப், பட்டை எதையும் எடுக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங்கிலும் உலையிலும் அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல்தான். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்துவிட்டு அதன் மேலேயே ஆர்க் போடுவது அதைவிட மோசம். ஃபாஸ்ஜீன் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. அசிட்டோன் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வெல்டிங் பண்ணுங்கள்.

பழைய_சம்மட்டி:

டிக்வெல்டர் தம்பி சொன்ன எச்சரிக்கை தங்கம். பழம்பெருமை என்றதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரே துண்டு எப்படி வருகிறது என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 25 மி.மீ. சதுரக் கம்பி எடுத்துக்கொள்கிறோம். ஒரு முனையிலிருந்து 60 மி.மீ. தள்ளி ஒரு துளை. அந்தத் துளை வரைக்கும் நடுவில் அறுத்துப் பிளக்கிறோம். துளை இல்லாமல் அறுத்தால், விரிக்கும்போது பிளவு நிற்காமல் தண்டு வரைக்கும் ஓடிவிடும். பிறகு செம்மஞ்சளாகக் காய்ச்சி இரண்டு காலையும் ஆங்கில 'T' எழுத்து மாதிரி விரித்து, ஒவ்வொன்றையும் 5 மி.மீ. கனத்துக்கு அடித்து நீட்டுகிறோம். ஒவ்வொரு காலும் 120 மி.மீ. நீளத்துக்கு வந்துவிடும். பிளக்காத பகுதி தண்டு. அதை 14 மி.மீ. வாக்கில் இறக்குகிறோம். கடைசியாகக் கால்களை வளைத்தால் பட்டை.

இதில் என்ன லாபம்? பட்டையும் தண்டும் சேருகிற அந்த முடுக்கில் இரும்பே வளைந்து ஓடுகிறது. கண்ணுக்கு ஒரு ஓட்டம் தெரியும். வெல்டிங் வைத்துத் தேய்த்ததில் அந்த ஓட்டத்தைக் கொண்டுவர அரத்தோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்ட வேண்டும், பெரும்பாலானவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். டெக்சாஸ் பக்கத்துப் பழைய வேலையைப் பாருங்கள். ஜே.ஆர். மெக்செஸ்னி, ஜோ பியாங்கி செய்தவற்றை இன்றும் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். முதலில் பார்ப்பது இந்த முடுக்கைத்தான்.

ஆனால் உளிமுனைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 25 மி.மீ. கம்பியைத் தனி ஆளாகக் கைச்சுத்தியலில் இறக்குவது தோளைப் பதம் பார்க்கும். ஒன்று அடித்து முடித்தபின் அதே மாதிரி இன்னொன்று வேண்டுமே! குதிமுள்ளில் கஷ்டமே அந்த இரண்டாவதுதான்.

அரப்பொடி:

அண்ணன் சொன்ன கடைசி வரியைக் கல்வெட்டில் பொறிக்கணும்.

ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் ஜோடி சேரவே சேராது. ஒவ்வொரு வேலையையும் இரண்டுக்கும் சேர்த்தே செய்யுங்கள். வெட்டினால் இரண்டையும் வெட்டு, வளைத்தால் இரண்டையும் வளை. தண்டு இரண்டையும் ஒட்டினாற்போல் வைஸில் பிடித்து ஒரே அரத்தில் தேய்த்தால் தானாகச் சமமாகும். முடிந்ததும் தராசில் வையுங்கள், ஐந்து கிராமுக்குள் வந்தால் நல்ல வேலை.

வெல்டிங், ஒரே துண்டு இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. தண்டின் அடியில் 8 மி.மீ. கழுந்து (துளையில் நுழையும் மெல்லிய முனை) விட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். பட்டையின் நடுவில் அதே அளவு துளை. கழுந்தை உள்ளே நுழைத்து, சூடாக இருக்கும்போது உள்பக்கம் தறைந்துவிட, அதாவது முனையைத் தட்டித் தலையாகப் பரப்பிவிட வேண்டும். தச்சர் கழுந்து பொருத்துகிற அதே வேலைதான், மரத்துக்குப் பதில் இரும்பு. பிறகு உள்பக்கமாகவே கொஞ்சம் வெல்டிங்கோ பித்தளைப் பற்றோ வைத்தால் சுற்றாது. வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது.

கழுந்தை வட்டமாக விட்டால் தண்டு சுற்றிக்கொள்ளப் பார்க்கும். சதுரமாக விட்டால் அந்தத் தொல்லையே கிடையாது, துளையைச் சதுரமாக அரத்தால் திருத்துவதுதான் கொஞ்சம் வேலை.

டிக்வெல்டர்:

சரி, கழுந்து யோசனை எனக்கே பிடித்திருக்கிறது. வாபஸ். பாதி வாபஸ்.

உளிமுனை:

கழுந்துதான் எனக்கு. முடிவு செய்துவிட்டேன். பட்டையை எவ்வளவு நீளம் வெட்டுவது? வளைக்கும்போது எதன் மேல் வைத்து வளைப்பது?

பழைய_சம்மட்டி:

கணக்குப் போட்டுவிடலாம். பூட்ஸ் 72, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு உள் அகலம் 74 என்று வைப்போம். கனம் 5 மி.மீ. வளைவில் இரும்பின் நடுக்கோடு நீளமும் ஆகாது, குறையவும் செய்யாது. அதனால் நடுக்கோட்டின் ஆரத்தைத்தான் எடுக்க வேண்டும்: 37-ம் 2.5-ம் சேர்த்து 39.5. அரைவட்டம் 3.14 பெருக்கல் 39.5, அதாவது 124. அதோடு நேராகப் போகும் இரண்டு கை, தலா 50. மொத்தம் 224. நீங்கள் 235 வெட்டுங்கள், முனையை வடிவமாகத் தேய்க்க மிச்சம் வேண்டும். அகலம் 22 மி.மீ. இருந்தால் பார்வையாக இருக்கும். முனையை நோக்கி 16 வரை குறைத்துக்கொண்டே போங்கள்.

வளைக்கும் முன்னால் நடு மையத்தில் பஞ்ச் அடித்துவிடுங்கள், துளையையும் போட்டுவிடுங்கள். வளைந்த பிறகு டிரில் பிரஸில் அதை நிறுத்திப் பிடிப்பது நரகம்.

அச்சுக்கு 70 மி.மீ. வெளிவிட்டம் உள்ள தடித்த பைப்போ உருளையோ போதும். குளிரில் வளைத்தால் இரும்பு திரும்பிக் கொஞ்சம் விரியும், அதனால்தான் 74-க்கு 70. சூடாக வளைத்தால் அந்த விரிவு இருக்காது, 74-லேயே வைக்கலாம். துளை போட்ட இடத்தில் மட்டும் கவனம். அங்கே இரும்பு குறைவு, வளைவு அந்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டு மூக்கு மாதிரி நீட்டிக்கொள்ளும். துளைக்குள் ஒரு தற்காலிக போல்ட்டைச் செருகிவிட்டு வளைத்தால் வராது.

லகான்பிடி:

வளைத்த பிறகு பூட்ஸில் மாட்டிப் பாருங்கள், தேய்த்து மெருகு போட்ட பிறகு அல்ல. கைகள் முனையில் மெல்ல உள்ளே அணைய வேண்டும். அகலமாக நின்றால் நடக்கும்போது கீழே இறங்கும். இறுக்கமாக இருந்தால் பூட்ஸ் தோலை வெட்டும். உள்விளிம்பு முழுவதையும் அரத்தால் உருட்டிவிடுங்கள், பலர் வெளியே பளபளப்பாக்கி உள்ளே கத்தி மாதிரி விட்டுவிடுகிறார்கள்.

தண்டின் சாய்வும் சொல்லிவிடுகிறேன். தங்கையின் கால் நீளமா, குட்டையா? நீளக் கால்காரர்களுக்கு குதிரையின் வயிற்றிலிருந்து குதிகால் தள்ளி நிற்கும், தண்டு நீளமாக இருந்தால்தான் காலை மடக்காமல் தொட முடியும். குட்டைக் கால்காரர்களுக்கு அதே தண்டு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். 

உளிமுனை:

குட்டைதான். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

லகான்பிடி:

அப்படியானால் 40 மி.மீ. தண்டு, கொஞ்சம் கீழ்ச்சாய்வு. 60-க்கெல்லாம் போகாதீர்கள்.

உளிமுனை:

இப்போது முள்சக்கரம். 3 மி.மீ. தகடு வைத்திருக்கிறேன். 32 மி.மீ. விட்டம், பத்து முனை என்று நினைக்கிறேன். ஆனால் எட்டு முனையே போதும், வெட்ட சுலபம் என்றும் தோன்றுகிறது. எது சரி?

லகான்பிடி:

பத்துக்குக் குறையாதீர்கள். முனை கூடக்கூடக் குதிரைக்கு மென்மை. ஒரே அழுத்தத்தை ஒரு முனை தாங்குவதற்கும் இரண்டு மூன்று முனை பங்கு போட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் பெரிய சக்கரம் பல சமயம் சாது. நாலு முனை நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சக்கரம்தான் பொல்லாதது. சிலியில் உள்ளங்கையைவிடப் பெரிய சக்கரம் வைத்த குதிமுள் உண்டு, முனைகள் நெருக்கமாக எக்கச்சக்கம். அதன் கனத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.

அரப்பொடி:

வெட்டுவது நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி.

இரண்டு வட்டத்தையும் சேர்த்து நடுத் துளையில் போல்ட் போட்டு முறுக்கிவிடுங்கள். இனி அது ஒரே துண்டு. மேலே மார்க்கர் மையைப் பூசுங்கள், கீறல் தெளிவாகத் தெரியும். பாகைமானியில் 36 டிகிரியாகப் பிரிக்கலாம், ஆனால் சின்ன வட்டத்தில் ஒரு டிகிரி பிசகினாலும் கடைசி முனையில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். கவராயம்தான் நம்பகம். ஆரத்தை 0.618-ஆல் பெருக்குங்கள். 16-க்கு 9.9 மி.மீ. வரும். கவராயத்தை அந்த அளவுக்கு விரித்துச் சுற்றி நடந்தால் பத்தாவது அடியில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். கொஞ்சம் தவறினால், தவறியதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் திருத்தி மறுபடி நடங்கள். எட்டு முனைக்கு 0.765, பன்னிரண்டுக்கு 0.518. ஆறு முனைக்குப் பெருக்கவே வேண்டாம், ஆரம்தான் அளவு.

அடுத்தது துளை. இரண்டு முனைக்கு நடுவே, உள்வட்டத்தில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு 4 மி.மீ. துளை. எல்லாத் துளையும் போட்ட பிறகு வெளியிலிருந்து ஹாக்சாவால் துளை வரைக்கும் சாய்வாக இரண்டு அறுப்பு. ஒரு முக்கோணத் துண்டு விழும். துளை போட்டதால் பள்ளத்தின் அடி தானாகவே உருண்டையாக, எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும். மிச்சத்தை மூன்றுமூலை அரத்தால் தேய்ப்பதுதான். முதல் பள்ளத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாப் பள்ளத்துக்கும் ஐந்து இழுப்பு, மறுபடி ஐந்து இழுப்பு என்று சுற்றிச் சுற்றி வந்தால் சமமாக வரும்.

மெல்லிய தகட்டில் டிரில் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும் தருணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். கையால் பிடிக்கவே கூடாது. அடியில் மரத்துண்டு வைத்து, கிளாம்பில் கட்டிவிட்டுத்தான் டிரில்.

லகான்பிடி:

முனையைக் கூராக விட்டுவிடாதீர்கள்! ஒவ்வொரு முனையும் அரிசி நுனி அளவுக்கு மொண்ணையாக, பக்கவாட்டிலும் உருண்டையாக இருக்க வேண்டும். சோதனை எளிது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்து, குதிரைக்கு எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு அழுத்தி உருட்டுங்கள். உங்களுக்கே சுருக்கென்றால் அரத்தை மறுபடி எடுங்கள்.

உளிமுனை:

சக்கரம் இரண்டும் வெட்டியாகிவிட்டது. தேய்த்துத் தேய்த்துக் கை வீங்கினாலும், ஜோடியாக வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மணிக்கட்டுச் சோதனையும் ஆயிற்று. தண்டில் பிளவு போட வேண்டும், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்?

பழைய_சம்மட்டி:

இதுதான் நான் காத்திருந்த கேள்வி. குதிமுள்ளைக் கையில் வாங்கினால் நான் வெள்ளி வேலையைப் பார்க்க மாட்டேன், பளபளப்பைப் பார்க்க மாட்டேன். சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டுவேன். சுழன்று தானாக நின்றால் செய்தவனுக்கு வேலை தெரியும். சிக்கினால், சக்கரம் சுற்றும் ஆணியில் அவசரப்பட்டிருக்கிறான். சக்கரம் சுற்றவில்லை என்றால் அது வெறும் முள், குதிரையின் தோலில் உருளாமல் கீறும். அதனால் இது அழகுப் பிரச்சினை இல்லை.

பிளவின் அகலம் சக்கரத்தின் கனத்தைவிட அரை மி.மீ. அதிகம். உங்களுக்கு 3.5. ஹாக்சாவில் இரண்டு பிளேடைச் சேர்த்து மாட்டி அறுத்தால் முக்கால்வாசி வேலை முடியும், மீதியைத் தட்டை அரம் பார்த்துக்கொள்ளும். ஆழம்தான் பலர் தப்பு விடும் இடம். சக்கரத்தின் ஆரம் 16, ஆகவே ஆணியின் மையத்திலிருந்து பிளவின் அடி 17.5 மி.மீ-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் முனை அடியில் போய் முட்டும், பத்து முனையில் ஒன்று நீளமாக இருந்தாலும் போதும். ஆணியின் மையத்துக்கு அப்பால் தண்டின் நுனி வரை இன்னொரு 6 மி.மீ. விடுங்கள். மொத்த ஆழம் 24 வாக்கில் வரும். 40 மி.மீ. தண்டில் அது சரியாக உட்காரும்.

ஆணித் துளையைப் பிளவு போடும் முன்பே போட்டுவிடுங்கள். பிளந்த பிறகு டிரில் விட்டால் பிளவின் இரண்டு கன்னத்திலும் (பக்கச் சுவரிலும்) துளை நேராக இருக்காது, சக்கரம் சாய்ந்து நிற்கும்.

ஆணி 4 மி.மீ. எம்.எஸ். கம்பி. தண்டில் துளை 4, இறுக்கமாகப் போக வேண்டும். சக்கரத்தில் 4.2, தளர்வாகச் சுற்ற வேண்டும். ஆணி சக்கரத்தைவிட மென்மையாக இருப்பது நல்லது. எதாவது ஒன்று தேயத்தான் போகிறது, தேய்வது மாற்றக்கூடியதாக இருக்கட்டும். ஆணியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போட அரை மணி நேரம், சக்கரம் வெட்ட என்ன பாடுபட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தறையும்போது கன்னம் இரண்டும் உள்ளே நெருங்கிச் சக்கரத்தைக் கவ்விவிடும். அதற்கு, சக்கரத்தின் இருபுறமும் 0.2 மி.மீ. தகடோ கெட்டி அட்டையோ செருகிவிட்டுத் தறையுங்கள், பிறகு உருவிவிடுங்கள். துளையின் வெளி வாயைக் கொஞ்சம் குழிவாக்கி வைத்தால், தறைந்த தலை அந்தக் குழிக்குள் நிரம்பிவிடும், மேலே தேய்த்தால் ஆணி இருந்த இடமே தெரியாது. ஓங்கி அடிக்காதீர்கள். சின்னச் சுத்தியலின் உருண்டை முகத்தால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள்.

டிக்வெல்டர்:

ஸ்டெயின்லெஸ் ஆணி போட்டால் துருப்பிடிக்காதே அண்ணே? குதிரை வியர்வை உப்பு ஆயிற்றே.

பழைய_சம்மட்டி:

போடலாம். ஆனால் 304 ஸ்டெயின்லெஸ் தட்டத்தட்ட இறுகும், தறைவதற்குள் கன்னம்தான் முதலில் வளையும். பழக்கப்பட்டவர்களுக்குச் சரி. உப்புக்குப் பயந்தால் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், அது போதும்.

வெள்ளிரேகை:

எல்லாரும் ஆணியிலேயே நிற்கிறீர்கள், அலங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாமா!

பட்டையின் வெளிப்பக்கம் சும்மா கிடக்கிறதே. தங்கையின் பெயரின் முதல் எழுத்தை 1 மி.மீ. ஜெர்மன் சில்வர் தகட்டில் வெட்டி ஒட்டுங்கள். பெயரில்தான் வெள்ளி; உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. அசல் ஸ்டெர்லிங் என்றால் 92.5 சதவீதம் வெள்ளி, ஆனால் அது 802 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும், முதல் தடவைக்குப் பதற்றம். ஜெர்மன் சில்வர் அதைவிட நிறையத் தாங்கும்.

56 சதவீத வெள்ளிப் பற்றாசு (உருகி ஒட்டும் உலோகக் கலவை) 650 டிகிரி வாக்கில் ஓடிவிடும். பழைய பற்றாசில் காட்மியம் இருக்கும், புகை விஷம். காட்மியம் இல்லாதது என்று எழுதியதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முகத்தையும் எமரியில் தேய்த்து, கை படாமல் ஃப்ளக்ஸ் (பற்றாசு ஒட்ட உதவும் பசை) பூசி, கம்பியால் கட்டி, சுடரைப் பட்டையின் *உள்பக்கம்* காட்டுங்கள். இரும்பு மெதுவாகத்தான் சூடேறும், எழுத்து சின்னது, சட்டென்று ஏறிவிடும். மேலே காட்டினால் எழுத்து தயாராகி நிற்கும், இரும்பு சூடேறாமலே இருக்கும், பற்றாசு எழுத்தின் மேலேயே உருண்டுகொண்டிருக்கும். இரும்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும் ஓரம் முழுக்க ஒரு பளிச்சென்ற கோடு ஓடும் பாருங்கள், அந்தக் கணமே சுடரை எடுத்துவிட வேண்டும்.

மெக்சிகோவில் புவெப்லா பக்கம் அமோசோக் என்று ஒரு ஊர், இரும்பில் வெள்ளி பதித்த குதிமுள்ளுக்கும் கடிவாளத்துக்கும் பேர்போனது. அங்கே ஒட்டுவதில்லை, இரும்பைக் குடைந்து உள்ளே பதிப்பார்கள். கலிஃபோர்னியா பாணிக்கும் அந்த வழிதான் மூலம். அந்த வேலைப்பாட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், தூக்கம் போய்விடும்.

ஓரமாநின்னவன்:

நான் ஆரம்பத்தில் சண்டை போட வந்தவன், இப்போது தினமும் வந்து படிக்கிறேன். ஒரு கேள்வி: இந்தச் சுழலும் சக்கரம் பழைய காலத்திலேயே உண்டா?

வெள்ளிரேகை:

ரோமர் காலத்தில் வெறும் முள்தான், நடுவில் ஒற்றைக் கூர். ஐரோப்பாவில் சுழலும் சக்கரம் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. பொன்முலாம் பூசிய குதிமுள் வீரர் பட்டத்தின் அடையாளம். 1302-இல் கோர்ட்ரெய்க் போரில் ஃபிளாண்டர்ஸ் காலாட்படை பிரெஞ்சுக் குதிரை வீரர்களை வீழ்த்தி, அவர்கள் குதிமுள்ளையெல்லாம் கழற்றி தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். போரின் பெயரே பொன் குதிமுள் போர் என்று ஆகிவிட்டது.

உளிமுனை:

எழுத்து ஒட்டியாகிவிட்டது. அந்தப் பளிச்சென்ற கோட்டைப் பார்த்தேன், வெள்ளிரேகை சொன்ன மாதிரியே ஓரமெல்லாம் ஓடியது. கடைசியாக இரண்டு கேள்வி. இரும்பைக் கறுப்பாக்க ஆசை, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்க வேண்டும். அதை ஆணி தறையும் முன்பா, பின்பா? குதிமுள்ளைப் பூட்ஸில் கட்டும் தோல் வாரை மாட்டும் பொத்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா?

அரப்பொடி:

முன்பே. சக்கரமும் தண்டும் தனித்தனியாக இருக்கும்போதுதான் பிளவுக்குள் எல்லாம் நிறம் ஏறும், சுத்தமும் செய்யலாம்.

ஃப்ளக்ஸ் மிச்சம் முழுக்க வெந்நீரில் கரைந்து போகட்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. பிறகு மெல்லிய செந்துரு சீராகப் படிய விடுங்கள், ஈரமான பெட்டிக்குள் தொங்கவிட்டால் ஓர் இரவில் வரும். சுத்தமான தண்ணீரில் கொதிக்க வையுங்கள், சிவப்பு கறுப்பாக மாறும். உதிரும் பொடியை மென்மையான ஸ்டீல் ஊலால் துடைத்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதி. நாலைந்து சுற்றில் ஆழ்ந்த கறுப்பு. ஜெர்மன் சில்வர் துருப்பிடிக்காது, கடைசியில் மெருகுத் துணியால் ஒரு தேய் தேய்த்தால் எழுத்து எழுந்து நிற்கும். முடிந்ததும் எண்ணெய். தறைந்த ஆணித் தலை மட்டும் வெள்ளையாகத் தெரியும், அதைக் கடையில் விற்கும் கறுப்பாக்கும் திரவத்தால் ஒரு தொடு தொட்டால் போதும்.

லகான்பிடி:

பொத்தான்: இடம், வலம் என்று ஜோடி பிரிய வேண்டும். வாரின் பக்கிள் எப்போதும் காலின் வெளிப்பக்கம் வரணும், உள்பக்கம் வந்தால் சேணத்தில் உரசும். அதனால் எழுத்தும் வெளிப்பக்கக் கையில்தான். இரண்டையும் ஒரே பக்கம் ஒட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உளிமுனை:

இல்லை அக்கா, ஒன்று இடது கை, ஒன்று வலது கை. எழுத்தை ஒட்டும் முன் பூட்ஸில் மாட்டி சாக்பீஸால் குறித்துக்கொண்டேன்.

லகான்பிடி:

அப்படியானால் தறைந்துவிடுங்கள். சுண்டினால் சுற்றுகிறதா என்று வந்து சொல்லுங்கள்.

உளிமுனை:

ஒன்று நன்றாகச் சுற்றுகிறது. மற்றது கொஞ்சம் தயங்கி நிற்கிறது, அட்டையை உருவிய பிறகும்.

பழைய_சம்மட்டி:

பிளவுக்குள் அரத்தூள் இருக்கும், இல்லையென்றால் கன்னம் ஒரு மயிரிழை நெருங்கியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றிக் கழுவுங்கள். அப்படியும் தயங்கினால், மழுங்கிய ஸ்குரூடிரைவரைப் பிளவின் அடியில், சக்கரத்தின் முனை தொடாத இடத்தில் வைத்து மெல்லத் திருகிக் கன்னத்தைத் திறக்கலாம். எம்.எஸ். தானே, சொன்ன பேச்சைக் கேட்கும்.

உளிமுனை:

மண்ணெண்ணெயிலேயே சரியாகிவிட்டது. அரத்தூள்தான். இரண்டும் சுற்றுகின்றன.